உங்கள் அம்மாவின் இரண்டு குழாய்கள்

உங்கள் அம்மாவின் இடுப்பில் இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக இரண்டு வட்டத் தழும்புகள் உண்டு. சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். சின்ன வயதில் நீங்கள் மூன்று பேரும் அதைத் தொட்டுப் பார்த்து, "என்னம்மா இது?" என்று கேட்டிருக்கிறீர்கள். பெரியவனிடம், கோழி கொத்தியது என்றாள். நடுவுள்ளவனிடம், வயிறு அழகாக இருக்கிறதென்று சாமி வைத்த திருஷ்டிப் பொட்டு என்றாள். கடைக்குட்டியிடம், "நீ உள்ள இருந்தப்ப உனக்குக் காத்து வரட்டும்னு ரெண்டு ஜன்னல் வச்சிருந்தேன்" என்றாள். மூவரும் நம்பினீர்கள். கடைக்குட்டி பள்ளிக்கூடத்தில் டீச்சரிடமே போய்ச் சொல்லிவிட்டு வந்தது.

உண்மையில் அவை ரப்பர் குழாய் வைத்திருந்த இடங்கள். அந்தக் கதையை நான் வாயால் சொல்ல ஆரம்பித்தால், "நீங்க சொன்னா உங்க பக்கமாத்தான் சாச்சுச் சொல்லுவீக" என்று உங்கள் அம்மா பாதியில் பிடுங்கிக்கொள்வாள். எழுதினால் குறுக்கே வர முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

ஊருக்குக் கரண்டு வந்து நம் கிணற்றில் மோட்டார் வைத்த புதிது. கடைக்குட்டி தத்தித் தத்தி நடக்கத் தொடங்கியிருந்தாள். முதல் இரண்டு பிள்ளைகளுக்கும் பிறகு உங்கள் அம்மாவின் வயிறு தன் இடத்துக்குத் திரும்பிவிட்டது. மூன்றாவதற்குத் திரும்பவில்லை. பிள்ளை வெளியே வந்து, தொட்டிலில் கிடந்து, தவழ்ந்து, எழுந்தும் நின்றுவிட்டது. வயிறு மட்டும் இன்னும் தகவல் கிடைக்காததுபோல அப்படியே இருந்தது.

ரெட்டியார்சத்திரத்தில் பஸ் ஏறினால் கண்டக்டர் சத்தம் போடுவார். "யோவ், மாசமா இருக்கிற பொம்பளை நிக்குது, எந்திரிங்கய்யா." நான் மறுத்துச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் உங்கள் அம்மா உட்கார்ந்திருப்பாள்.

"பொய் சொல்லி உக்காரலாமா புள்ள?" என்று இறங்கினதும் கேட்பேன்.

"நான் எங்க பொய் சொன்னேன்? அவராத்தான் சொன்னாரு. எத்தனை மாசம்னு கேட்டிருந்தா இருபதுன்னு உள்ளதைச் சொல்லியிருப்பேன்."

இப்படிச் சிரித்துக்கொண்டே இருந்ததில் சிரிக்கக்கூடாத ஒன்று நடுவில் வளர்ந்துவிட்டது. இருமினால் தொப்புளுக்கு மேலே ஒரு எலுமிச்சம்பழம் முட்டிக்கொண்டு வரும். படுத்தால் உள்ளே போய்விடும். பிறகு எலுமிச்சம்பழம் கொய்யாப்பழம் ஆயிற்று. ஒருநாள் கடைக்குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு மல்லிகைத் தோட்டத்தில் பூ எடுத்துக்கொண்டிருந்தவள், அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். முகமெல்லாம் வேர்வை. வாந்தி எடுத்தாள். வெளியே வந்தது உள்ளே போக மாட்டேன் என்று நின்றுவிட்டது. செத்த நேரம் மல்லாக்கப் படுத்த பிறகுதான் வழிக்கு வந்தது. பிள்ளையை என் அக்காவிடம், அதாவது உங்கள் அத்தையிடம், கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸிலேயே திண்டுக்கல்லுக்குக் கூட்டிப்போனேன்.

ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் ஒரு அம்மாள். வளவளவென்று பேச மாட்டார். வயிற்றை அமுக்கிப் பார்த்தார், இருமச் சொன்னார், கையைக் கழுவினார்.

"வயித்துச் சதை நடுவுல பிரிஞ்சு வழி விட்டிருக்கு. குடல் வெளிய வருது. இன்னைக்கு உள்ள போயிருச்சு, ஒருநாள் போகாது. பிரிஞ்சதைச் சேத்துத் தைக்கணும். தொங்குற தோலையும் கொழுப்பையும் அப்பவே எடுத்துர்றேன்."

உங்கள் அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"டாக்டரம்மா, பிள்ளையை இடுப்புல தூக்கலாமா?"

"இப்பத் தூக்கவே கூடாது. ஆபரேஷன் பண்ணி, நல்லபடியா ஆறி, தையல் உரம் பிடிச்சதுக்கு அப்புறம் தூக்கலாம்."

"ஆறலைன்னா?"

"உள்ள நீர் கட்டிச் சீழ் பிடிச்சா தையல் விட்டுரும். மறுபடியும் இதே வயிறுதான். தூக்க முடியாது."

அவ்வளவுதான். உயிருக்கு ஆபத்து உண்டா, எத்தனை தையல், வலிக்குமா என்று அவள் கேட்கவே இல்லை. பிள்ளையைத் தூக்க வேண்டும். அதற்கு வயிறு ஆற வேண்டும். கணக்கு முடிந்தது. அதுவரைக்கும் உங்கள் அம்மா எடுத்ததற்கெல்லாம் நம்மைச் சிரிக்க வைக்கிறவள் என்றுதான் நினைத்திருந்தேன். அன்றைக்குப் பஸ்ஸில் திரும்பும்போது வழி முழுக்க வயிற்றைக் கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

ஆபரேஷன் முடிந்து கட்டிலில் கொண்டுவந்து போட்டபோது, வயிற்றைச் சுற்றி அகலமான துணிக் கட்டு. கட்டுக்குக் கீழே இரண்டு பக்கமும் சிவப்பு ரப்பர் குழாய் ஒவ்வொன்று வெளியே வந்து, கட்டிலை ஒட்டித் தரையில் வைத்திருந்த கண்ணாடிப் பாட்டில்களில் இறங்கியிருந்தது. ஒன்று நடைவழிப் பக்கம், மற்றது ஜன்னல் பக்கம்.

நர்ஸம்மா எனக்குப் பாடம் நடத்தினார். தோலை எடுத்து ஒட்டவைத்த இடத்தில், வெட்டின கிணற்றில் ஊற்று ஊறுகிற மாதிரி நீர் ஊறிக்கொண்டே இருக்குமாம். அது உள்ளே தேங்கக்கூடாது. குழாய் வழியாக வெளியே வந்துவிட வேண்டும்.

"பாட்டில் எப்பவும் வயித்துக்குக் கீழதான் இருக்கணும் ஐயா. குழாய் மடங்கக்கூடாது. உள்ள கட்டி அடைச்சுக்காம இருக்க, இந்தா, இப்படி ஒரு கையால தோல்கிட்டக் குழாயை அழுத்திப் பிடிச்சுக்கிட்டு, மறு கையால கீழ்நோக்கி நீவி விடணும். பால் கறக்குற மாதிரி."

மயக்கம் தெளிந்தும் தெளியாமலும் கிடந்த உங்கள் அம்மா கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "அவருக்குப் பால் கறக்கத் தெரியாதும்மா. மாடு உதைக்கும்."

அது பொய். மாடு ஒரே ஒரு தடவைதான் உதைத்தது.

காலையிலும் மாலையிலும் பாட்டிலில் உள்ளதை அவுன்ஸ் கிளாஸில் ஊற்றி அளந்து நர்ஸம்மாவிடம் சொல்ல வேண்டும். முதலில் செம்பருத்திப் பூவைக் கசக்கினதுபோல் இருந்தது. பிறகு செம்மண் தண்ணீர் ஆயிற்று. ஒரு பகல் ஒரு ராத்திரிக்கு இரண்டு பாட்டிலும் சேர்ந்து ஒரு அவுன்ஸுக்குக் கீழே வந்தால்தான் குழாயை எடுப்பது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். குழாய் எடுக்கிறவரைக்கும் கடைக்குட்டியை வார்டுக்குள் கொண்டுவரவும் கூடாது. கையில் அகப்பட்டதைப் பிடித்து இழுக்கிற வயது.

அன்றிலிருந்து உங்கள் அம்மாவுக்கு அந்தப் பாட்டில்கள்தான் உலகம். "இன்னைக்கு எம்புட்டு?" என்று கேட்பாள். சொல்வேன். "நேத்தைக்கு இது எம்புட்டு?" சொல்வேன். "நீங்க நுரையையும் சேத்து அளந்திருப்பீக, மறுபடியும் பாருங்க" என்பாள். ஒருநாள் காபி வேண்டாம், தண்ணீர் வேண்டாம், கஞ்சி வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டு படுத்துவிட்டாள். கெஞ்சிக் கேட்டதற்கு, "மேல ஊத்தினாத்தான கீழ வரும்? ரெண்டு நாளைக்கு ஊத்த வேண்டாம்" என்றாள். நர்ஸம்மா வந்து, குடிக்கிற தண்ணீருக்கும் அந்தப் பாட்டிலுக்கும் சம்பந்தமில்லை என்று திட்டி, ஒரு செம்பு தண்ணீரையும் தன் கண் முன்னாலேயே குடிக்க வைத்தார்.

தினமும் எழுந்து நடக்க வேண்டும் என்பது அடுத்த உத்தரவு. வயிற்றை இழுத்துத் தைத்திருந்ததால் அவளால் நிமிர முடியவில்லை. கூனிக்கொண்டே நடப்பாள். பாட்டில்களை நான் தூக்கிவர வேண்டும், அதுவும் வயிற்றுக்குக் கீழேயே இருக்கிற மாதிரி. பூக்கூடை ஒன்றில் இரண்டையும் சாயாமல் வைத்து, அவள் கூனியதற்கு மேலே நான் கூனி, பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு நடப்பேன். அவள் நின்றால் நிற்க வேண்டும். அவள் திரும்பினால் நான் சுற்றிக்கொண்டு ஓட வேண்டும். இல்லையென்றால் குழாய் இழுபடும்.

வார்டே எங்களைப் பார்த்துச் சிரித்தது. உங்கள் அம்மா எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்: "கல்யாணத்தன்னைக்கு வேட்டியையும் சேலையையும் முடிஞ்சு விட்டாங்க. அன்னைக்கு என் கூட ஒட்டி நடந்த மனுசன். அதுக்கப்புறம் இன்னைக்குத்தான்."

இப்படி ஒரு வழியாக அளவு குறைந்துகொண்டு வந்தது. ஒரு அவுன்ஸை நெருங்கிக்கொண்டிருந்த நேரத்தில், தக்காளிக்குத் தண்ணீர் கட்டாமல் செடி வாடுகிறது என்று ஊரிலிருந்து ஆள் வந்தது. ஒரு ராத்திரி நான் போய்த்தான் ஆக வேண்டும். கூட யார் இருப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே, கையில் ரசத் தூக்குவாளியும் தோளில் துண்டுமாக உங்கள் மாமா வந்து நின்றார். அம்மாவுடன் பிறந்த அண்ணன்.

உங்கள் மாமாவைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவர் ஊரில் யார் வயலுக்கு எப்போது மடை திறப்பது, எங்கே அடைப்பது என்பதெல்லாம் அவர் சொன்னால் சொன்னதுதான். தரையைப் பார்த்தே தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று சொல்லிவிடுவார். தங்கச்சி என்றால் உயிர்.

"நீங்க போங்க மாப்ள. நான் பாத்துக்கிறேன். என்னைத் தாண்டி ஒரு கொசு போகாது" என்றார். உங்கள் அம்மா ஊசி போட்ட மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ரசத்தை இப்போது கொடுக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடினேன். மாமா அதை அப்படியே காப்பாற்றினார். ரசத்தைக் கொடுக்கவில்லை.

மறுநாள் முதல் பஸ்ஸில் திரும்பினேன். டாக்டரம்மா வார்டு சுற்றி வருகிற நேரம். மாமா வாசல் வரைக்கும் வந்து என் கையைப் பிடித்தார்.

"மாப்ள, நேத்து நான் மட்டும் வரலைன்னா என்னாயிருக்கும் தெரியுமா?"

"என்ன மச்சான்?"

"வாங்க, காட்டுறேன்."

கட்டிலருகே போய் வழக்கம்போலக் குனிந்தேன். நடைவழிப் பக்கத்துப் பாட்டில் இருந்தது. ஜன்னல் பக்கத்தில் தரை காலியாக இருந்தது.

"இன்னொரு பாட்டில் எங்க?"

மாமா ஜன்னல் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்த தன் துண்டை விலக்கினார். திருவிழாவில் சாமிக்குத் திரை விலக்குகிற மாதிரிதான் விலக்கினார். துண்டுக்குப் பின்னால், என் தலை உயரத்தில், கழுத்தில் கயிறு கட்டி அந்தப் பாட்டில் தொங்கியது. குழாய் அங்கிருந்து கீழே இறங்கி உங்கள் அம்மாவின் வயிற்றுக்குள் போனது.

"ரத்த பாட்டிலைத் தரையில வச்சிருக்காங்க மாப்ள! மனுசி கட்டில்ல கிடக்கா, பாட்டில் பள்ளத்துல கிடக்கு. பள்ளத்துத் தண்ணி மேட்டுக்கு ஏறுமா? விடிய விடிய வச்சாலும் ஒரு சொட்டு ஏறாது. அதான் தூக்கிக் கட்டிட்டேன். கயிறு இந்தப் பக்கத்துக் கட்டில் அம்மாவோட வீட்டுக்காரர் கொடுத்தாரு, நல்ல மனுசன். அந்தப் பக்கத்துக்கு ஆணி இல்ல. விடிஞ்சதும் ஒரு ஆணி வாங்கி அடிச்சுறலாம்னு இருந்தேன்."

"துண்டு எதுக்கு மச்சான்?"

"ரத்தத்தை அப்படியே தொங்க விட்டா நாலு பேரு கண்ணு படாதா?"

துண்டு காய்கிறது என்று நினைத்து ராத்திரி நர்ஸும் கடந்து போயிருக்கிறார். பாட்டிலை அவிழ்த்துத் தரையில் வைத்தேன்.

"மச்சான், இது ஏத்துற பாட்டில் இல்ல. எறக்குற பாட்டில்."

மாமா பாட்டிலைப் பார்த்தார். வயிற்றைப் பார்த்தார். மறுபடி பாட்டிலைப் பார்த்தார். தண்ணீர் ஓடுகிற திசையைத் தெரிந்தவர் ஆயிற்றே, சட்டென்று விளங்கிவிட்டது. "அட ஆத்தாடி" என்று ஸ்டூலில் உட்கார்ந்தார். மடை கட்டத் தெரியாதவர் யாராவது வந்திருந்தால் அந்தப் பாட்டிலைத் தரையிலேயே விட்டிருப்பார்.

இந்தச் சத்தத்தில் உங்கள் அம்மா விழித்துக்கொண்டாள். நடந்ததைச் சொன்னேன். அவள் கேட்டது பாட்டில் தொங்கியதைப் பற்றி அல்ல.

"இப்ப எம்புட்டு இருக்கு?"

அளந்தேன். நடைவழிப் பக்கத்தில் கொஞ்சம். ஜன்னல் பக்கத்தில் ராத்திரி முழுக்க எதுவும் இறங்கவில்லை, மாலையில் வந்த சொட்டுத்தான். இரண்டும் சேர்ந்து ஒரு அவுன்ஸுக்குக் கீழே. குழாயை நீவிப் பார்த்தேன். உள்ளே ஏதோ அடைத்துக்கொண்டு அசைய மறுத்தது.

மாமாவுக்கு முகம் தெளிந்தது. "அப்ப நல்லதாத்தான் போச்சு. குறைஞ்சிருச்சுல்ல? இன்னைக்கே பிடுங்கிருவாங்க."

உங்கள் அம்மா என் வேட்டி நுனியைப் பிடித்தாள். "சொல்லாதீக."

"என்ன புள்ள சொல்ற?"

"பாட்டில் தொங்கினதைச் சொல்லாதீக. அளவு குறைஞ்சிருக்கு. அவுகளாப் பாத்து எடுத்துருவாக. சாயங்காலம் உங்க அக்கா பிள்ளையைக் கொண்டாந்துருவாக. எத்தனை நாளாச்சு. அது என்னை மறந்திருக்கும்."

"உள்ள தேங்கியிருந்தா?"

ஜன்னல் பக்கத்து இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அந்தப் பக்கமே திரும்பிக்கொண்டாள்.

அதற்குள் டாக்டரம்மாவின் செருப்புச் சத்தம் கேட்டது. பின்னால் தட்டைத் தூக்கிக்கொண்டு நர்ஸம்மா. டாக்டரம்மா அவுன்ஸ் கிளாஸை வாங்கிப் பார்த்தார். இரண்டு பாட்டிலையும் பார்த்தார். அவர் முகத்தில் சிரிப்பை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"பரவாயில்லையே! நேத்துச் சாயங்காலம்கூட அதிகமா இருந்துச்சு. எடுத்துரலாமா?"

மாமா மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த வார்டில் ஃபேன் கிடையாது.

நான் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். இதை உங்கள் அம்மா இன்றைக்கு வரைக்கும் நம்புவதில்லை. "கொட்டாவி விடத் திறந்தாரு" என்பாள். சொல்லத்தான் திறந்தேன். ஆனால் அவள் முந்திக்கொண்டாள்.

"டாக்டரம்மா, ஒரு சந்தேகம்."

"என்ன?"

"பாட்டிலை ஜன்னல்ல தொங்க விட்டா, நீரு எறங்குமா, நிக்குமா?"

"எதுக்குத் தொங்க விடணும்?"

"சும்மா கேட்டேன்." கையை இடுப்பிலிருந்து எடுக்கவில்லை. பிறகு மூச்சை இழுத்துவிட்டுச் சொல்லிவிட்டாள். "சும்மா இல்லம்மா. எங்க அண்ணன் பெரிய மடைக்காரரு. ராத்திரி பூரா என் வயித்துக்குத் தண்ணி பாச்சியிருக்காரு. இந்தப் பக்கம் கல்லு வச்ச மாதிரிக் கனமா இருக்கு. குழாயை எடுத்துட்டா பிள்ளையை இன்னைக்குப் பாப்பேன், சரி. நாளைக்குப் பிள்ளை எதிர்ல வந்து கையைத் தூக்கிக்கிட்டு நிக்கும், அப்பத் தூக்க முடியலைன்னா நான் என்ன செய்ய?"

நான் மாமாவைப் பார்த்தேன். மாமா துண்டை வாயில் வைத்துக்கொண்டு நின்றார்.

டாக்டரம்மா கட்டைத் தளர்த்தி ஜன்னல் பக்கத்து இடுப்பை விரலால் அமுக்கினார். அங்கே தண்ணீர்ப் பை மாதிரி லேசாகத் தளும்பியது. உட்கார்ந்து, குழாயை ஒரு கையால் பிடித்து, மறு கையால் பொறுமையாக நீவினார். நான் எத்தனை முறை நீவியும் வராதது, அவர் நாலு தடவை நீவியதில் வந்தது. கருஞ்சிவப்பில் மண்புழு மாதிரி ஒரு கட்டி வெளியே வந்து பாட்டிலில் விழுந்தது. அதன் பின்னாலேயே நீர் திறந்துகொண்டு ஓடியது.

"மடை திறந்துருச்சு" என்றார் மாமா, தன்னை அறியாமல்.

டாக்டரம்மா திரும்பி அவரைப் பார்த்தார். மாமா மறுபடி இல்லாத ஃபேனைப் பார்த்தார்.

"இந்தக் குழாயை இப்ப எடுத்திருந்தா இம்புட்டும் உள்ளயே நின்னிருக்கும். அப்புறம் தையலைப் பிரிக்கிறதைத் தவிர வேற வழி இல்ல" என்று உங்கள் அம்மாவிடம் சொன்னார். திட்டவில்லை. எழுந்து போகும்போது அவள் தலையில் ஒரு நிமிஷம் கையை வைத்துவிட்டுப் போனார்.

அழுக்கு ஏதும் உள்ளே திரும்பிப் போயிருந்தால் சீழ் பிடிக்காமல் இருக்க பென்சிலின் ஊசி கூடுதலாகப் போட்டார்கள். ஊசி ஒவ்வொன்றும் இறங்கும்போது உங்கள் அம்மா மாமாவைப் பார்த்து, "இது எங்க அண்ணன் செய்யிற சீரு" என்பாள். அவர் பழத்தட்டு வாங்கி வந்தால், "ஊசியே போதும்ணே, பழம் எதுக்கு?" என்பாள். அந்த மனிதர் அதற்காக ஊருக்குப் போய்விடவில்லை. பாட்டிலுக்கு அருகே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். பார்க்க வருகிறவர்கள் யாராவது குனிந்தால் போதும், "தொடாதீக, அது எறக்குற பாட்டில். கீழதான் இருக்கணும். உங்களுக்கெல்லாம் விவரம் தெரியாது" என்று விரட்டுவார்.

அதோடு நின்றிருந்தால் நல்லது. கயிறு கொடுத்த பக்கத்துக் கட்டில்காரர் மனைவிக்கு ஒருநாள் குளுக்கோஸ் ஏற்றினார்கள். பாட்டில் கம்பியில் தொங்கியது. மாமா அதைப் பார்த்தார். உட்கார்ந்தார். எழுந்தார். பொறுக்க முடியவில்லை.

"அய்யா, கேட்டுக்கங்க. நான் பட்டவன் சொல்றேன். பாட்டிலை மேல வைக்கக்கூடாது. எறக்கித் தரையில வைங்க."

நல்லவேளை, கட்டில்காரர் எழுவதற்குள் நர்ஸம்மா ஓடிவந்துவிட்டார். "ஐயா, அது ஏத்துற பாட்டில்! நீங்க செத்த வெளிய போய் உக்காருங்க." உங்கள் அம்மா சிரித்துத் தையல் வலித்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "இவரை ஊருக்கு அனுப்புங்க, நான் சிரிச்சே பிரிஞ்சுருவேன்" என்று கெஞ்சினாள். இருமும்போதும் சிரிக்கும்போதும் தலையணையை வயிற்றில் அமுக்கிப் பிடித்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். மாமா இருந்த நாட்களில் அந்தத் தலையணையை அவள் கீழே வைக்கவே இல்லை.

மேலும் சில நாட்கள் கழித்துத்தான் அளவு நிஜமாகவே இறங்கியது. நிறமும் மாறி எலுமிச்சம்பழச் சாறுபோல் தெளிந்திருந்தது. டாக்டரம்மா இரண்டு பாட்டில்களையும் பார்த்தார். பிறகு ஜன்னல் கம்பியையும் ஒருமுறை பார்த்தார். "சரி, எடுக்கலாம்" என்றார். மூச்சை இழுத்து விடச் சொல்லி, விடும்போது உருவினார். முழங்கை நீளத்துக்கு வந்துகொண்டே இருந்தது. மாமா அப்போதே வராந்தாவுக்குப் போய்விட்டார். உங்கள் அம்மா மட்டும் தலையைத் தூக்கிப் பார்த்து, "இம்புட்டு நீளமா உள்ள கிடந்துச்சு?" என்று ஆச்சரியப்பட்டாள்.

அன்று சாயங்காலமே அத்தை கடைக்குட்டியைக் கொண்டுவந்தாள். அது அத்தை தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு திரும்பவே மாட்டேன் என்றது. உங்கள் அம்மா கூப்பிட்டாள், கெஞ்சினாள், பிஸ்கட்டைக் காட்டினாள். அசையவில்லை. "போடி, பெரிய இவ" என்று சொல்லிவிட்டு உங்கள் அம்மா வேண்டுமென்றே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கண்ணைத் துடைக்கத்தான் திரும்பினாள் என்று எனக்குத் தெரியும்.

கூப்பிடாமல் விட்டதும்தான் அதற்கு ரோஷம் வந்தது. இறங்கியது. கட்டிலைப் பிடித்துக்கொண்டு வந்து அம்மாவின் வயிற்றைத் தட்டிப் பார்த்தது. கட்டுத்துணிக்கு அடியில் தட்டையாக இருந்தது. இன்னொரு இடத்தில் தட்டியது. அங்கும் தட்டை. கட்டிலுக்கு அடியில் குனிந்து தேடியது. அந்தப் பெரிய வயிற்றில் தலை வைத்துத்தான் அது தினம் தூங்கும். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தது. நான்தான் எங்கேயோ எடுத்து ஒளித்துவிட்டேன் என்பதில் அதற்குச் சந்தேகமே இல்லை.

"காணோம்" என்றது.

"டாக்டரம்மா வாங்கிக்கிட்டாகடி தங்கம்" என்றாள் உங்கள் அம்மா.

அதற்கு வந்த அழுகையில் வார்டே திரும்பிப் பார்த்தது. நான் தூக்கிக் கட்டிலில் அவளருகே படுக்க வைத்தேன். தோளில் தலையை வைத்துப் பார்த்து, எலும்பு குத்துகிறது என்று முகத்தைச் சுளித்து, கடைசியில் அதையே சகித்துக்கொண்டு தூங்கியது.

வீட்டுக்கு வந்த பிறகும் தூக்கக்கூடாது என்ற உத்தரவு மாதக்கணக்கில் நீடித்தது. பிள்ளை எதிரே வந்து கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும். உங்கள் அம்மா தன் கையைப் பின்னால் கட்டிக்கொள்வாள். நான் ஓடிவந்து தூக்குவேன். "உங்களை யாரு கேட்டா?" என்று இரண்டு பேரும் என்னைத்தான் முறைப்பார்கள். கடைசியாக டாக்டரம்மா வயிற்றை அமுக்கி, இருமச் சொல்லி, எழுந்து உட்காரச் சொல்லிப் பார்த்துவிட்டு, "உரம் பிடிச்சிருச்சு. இனிமே தூக்கலாம்" என்றார்.

பஸ்ஸை விட்டு இறங்கி வேகவேகமாக வீட்டுக்கு வந்தாள். கடைக்குட்டிக்கு அதற்குள் ஓடத் தெரிந்துவிட்டது. மல்லிகைத் தோட்டத்தில் அண்ணன்கள் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. யாரும் தூக்குவது அதற்குப் பிடிக்காத காலம் வந்திருந்தது. உங்கள் அம்மா கையை நீட்டினாள். "மாட்டேன் போ" என்று அது செடிகளுக்கு நடுவே ஓடியது. உங்கள் அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு துரத்தினாள். நான், "மெதுவா புள்ள, மெதுவா" என்று வரப்பில் ஓடினேன். பெரியவனே, நடுவுள்ளவனே, நீங்கள் இரண்டு பேரும் அம்மாவுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று கைதட்டிச் சிரித்தீர்கள்.

மோட்டார் ரூம் பக்கத்தில் பிடித்துவிட்டாள். ஒரே தூக்கு. இடுப்பில் உட்கார வைத்து, ஒரு கையால் அணைத்து, ஒரு நிமிஷம் அப்படியே நின்றாள். இருமிப் பார்த்தாள். ஒன்றும் வெளியே வரவில்லை. இன்னொரு தடவை இருமினாள்.

"எறக்கி விடு, எறக்கி விடு" என்று நீ கத்தினாய் மகளே. காலால் உதைத்தாய், மூக்குத்தியைப் பிடித்து இழுத்தாய். உன் அம்மா உன்னை இறக்கிவிடாமல் தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றி, வீட்டுக்குப் போய், ஒரு கையாலேயே அடுப்பைப் பற்றவைத்து உலையும் வைத்தாள். சோறு கொதித்து இறங்கிய பிறகுதான் உன்னை இறக்கிவிட்டாள்.